வாசலைப் பார்த்த ஷூக்கள்

தென்கொரியாவின் பூசான் நகரில் ஒக்பூன் வீட்டு ஜெபக்கூட்டம். அன்று வாசித்தது, இயேசு சீடர்களின் கால்களைக் கழுவிய பைபிள் பகுதி.

"இதுல நமக்கு என்ன பாடம்?" என்றாள் கூட்டத்தை நடத்திய தொக்கிம்.

"ஒக்பூன் அக்காவைப் பார்த்தாலே போதுமே!" என்றாள் மல்சுக். "வாராவாரம் நம்ம சேத்து ஷூவைத் துடைச்சு, மாட்டிக்க வசதியா வாசல் பக்கம் திருப்பி வெச்சுடறாங்க."

"ஐயோ, நான் இல்லடி! உங்கள்ல யாரோன்னுதான் நெனச்சேன்."

யாரும் ஒப்புக்கொள்ளவில்லை.

"சரி, அக்கா வீட்டுக்காரருக்காக ஜெபிப்போம்," என்றாள் தொக்கிம். "பத்து வருஷமா கூப்பிடறோம், டிவில பேஸ்பால் மேட்சை விட்டு எழுந்து வரமாட்டேங்கிறாரே!"

ஜெபம் முடிந்தும் உள்ளறையில் டிவி அலறியது. சத்தத்தைக் குறைக்கப் போன ஒக்பூன், அங்கே ஆளைக் காணாமல் வாசல் கதவைத் திறந்தாள்.

ஈரத்துணியும் தொக்கிமின் ஷூவுமாகக் குந்தியிருந்த கணவர் நிமிர்ந்தார்.

"என்னடி, இன்னைக்குச் சீக்கிரமே ஆமென் சொல்லிட்டீங்க? இன்னும் ரெண்டு ஜோடி பாக்கி இருக்கே!"