டிராகன் இல்லாத கட்டு

"அண்ணி, உங்க கட்டுலேர்ந்து இந்த மூணு டிராகன் கார்டையும் எடுத்துடலாம்" என்றாள் நாத்தனார்.

அண்ணிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "டிராகனையா? அதை வெச்சுத்தானே போன வாரம் மருந்துக்கடைக்காரரை ஜெயிச்சேன்?"

"டிராகன் சுத்த சோம்பேறி அண்ணி. ஒரு தடவை இறக்கிட்டா அப்புறம் நீங்க சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அதுக்குப் பதிலா குட்டிச்சாத்தான் பன்னிரண்டு போடுவோம். ஒவ்வொண்ணும் இறங்கும்போது டப்பாவிலேர்ந்து மூணு சின்னக் காய் எடுத்து அது மேல வைக்கணும். செத்தா, காயைத் திரும்ப டப்பாவில போடணும்."

"அதனால என்ன லாபம்?"

"போகப் போகத் தெரியும்."

அவள் கேக் கடையில் க்ரீமால் ரோஜாப்பூ போடுகிறவள். மாடிப்படியில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்ததிலிருந்து வீட்டோடு கிடக்கிறாள். மாவுக்கட்டைப் பிரித்தாகிவிட்டது, விரல்கள்தான் மடங்க மாட்டேன் என்கின்றன. "பயிற்சி செஞ்சியா?" என்று யாராவது கேட்டால் போதும், எரிந்து விழுவாள். அதனால் அவள் கையைப் பற்றி வீட்டில் யாரும் மூச்சு விடுவதில்லை.

பொழுது போகட்டுமே என்று நாத்தனார் பழக்கிவிட்ட விளையாட்டு இது. பூதம், சூனியக்காரி, டிராகன் என்று கார்டு சேர்த்து, குறைந்தது நாற்பது கார்டில் அவரவர் ஒரு கட்டு அமைத்துக்கொண்டு மோத வேண்டும். ஞாயிறு மதியம் நூலக மாடியில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். கூரியர் ஆபீஸில் வேலை பார்க்கும் நாத்தனாரை அங்கே யாராலும் அசைக்க முடியாது.

அப்பேர்ப்பட்டவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவளும் தலையாட்டினாள்.

அந்த ஞாயிறு தோற்றாள். அடுத்த ஞாயிறும் தோற்றாள்.

"சூனியக்காரி பத்தலை அண்ணி. இன்னும் நாலு சேர்ப்போம். அவ வரும்போதெல்லாம் முழுக் கட்டையும் கலைச்சுப் போடணும். கட்டும் சின்னதா இருக்கு, அறுபது கார்டாக்கிடலாம்."

அறுபது கார்டு அந்தக் கைக்குள் அடங்குமா? பாதி கலைப்பதற்குள் நழுவி மேஜை, தரை எல்லாம் சிதறியது. எதிரே ஆடிக்கொண்டிருந்த மருந்துக்கடைக்காரர் பொறுக்கித் தரக் குனிந்தார்.

"விடுங்க சார், அவங்களே எடுத்துப்பாங்க" என்று சொல்லிவிட்டு நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவளுக்குச் சுருக்கென்றது. ஒவ்வொரு கார்டாகப் பொறுக்கி முடிப்பதற்குள் காது சிவந்துவிட்டது.

ஆட்டம் முடிந்ததும் மருந்துக்கடைக்காரர் அவள் கட்டை வாங்கிப் புரட்டினார். "யாரும்மா இதை அமைச்சது? கட்டு மெலிசா இருந்தாத்தான் நல்ல கார்டு சீக்கிரம் கைக்கு வரும். இது மூட்டை மாதிரி இருக்கே! வேணும்னே கெடுத்த மாதிரியில்ல இருக்கு?"

அதே நேரம் பக்கத்து மேஜையில் நாத்தனார் ஜெயித்துக்கொண்டிருந்தாள். அவள் இறக்கியது அதே மூன்று டிராகன்களை!

அன்று வீட்டுக்கு வந்ததும் கணவனைப் பிடித்துக்கொண்டாள். "உங்க தங்கச்சிக்கு என் மேல என்ன கோபம்?"

"அவளுக்கா? உன்னைப் பத்தி யாராவது ஒரு வார்த்தை சொன்னாலே சண்டைக்குப் போவாளே!"

"அப்ப ஏன் எனக்குச் சாத்தானைக் குடுத்துட்டு டிராகனை எடுத்துக்கிட்டா?"

அவன் கட்டை மேலும் கீழும் பார்த்தான். "எனக்கு ஒரு மண்ணும் புரியலை" என்று திருப்பிக் கொடுத்துவிட்டான்.

அவளுக்கு மட்டும் புரிந்ததா என்ன? நான் ஜெயிப்பது பிடிக்கவில்லை என்றால் விளையாட்டை ஏன் சொல்லிக்கொடுக்க வேண்டும்? தோற்றுவிட்டு வரும்போதெல்லாம் ஓடிப்போய்க் காபி போட்டுக் கொண்டுவருவதும் இதே நாத்தனார்தானே? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியதுதான் மிச்சம்.

ஐந்தாவது வாரமும் தோற்றபோது நேராகவே கேட்டுவிட்டாள். "என் டிராகனைத் திருப்பிக் குடு."

"இன்னும் ரெண்டே வாரம் அண்ணி. அப்புறம் தர்றேன்."

"அது என்ன ரெண்டு வாரக் கணக்கு?"

நாத்தனார் குனிந்து தன் கார்டுகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"எனக்கு உன் யோசனையும் வேண்டாம், இந்த விளையாட்டும் வேண்டாம்!" கட்டைத் தூக்கி அவள் மடியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கையைக் காட்ட வேண்டிய நாள். பிசியோதெரபி மேடம் ஒவ்வொரு விரலாக மடக்கிப் பார்த்தார். மேஜையில் ஒரு குண்டூசியை வைத்து, "எடுங்க" என்றார்.

எடுத்தாள். அவளுக்கே நம்ப முடியவில்லை.

"சபாஷ்! அடுத்த வாரமே வேலைக்குப் போகலாம்."

அவளுக்குக் கூச்சமாக இருந்தது. "நீங்க சொன்ன பயிற்சி ஒண்ணுகூட நான் செய்யலையே மேடம்..."

"தெரியுமே! 'கையைப் பத்திப் பேசினாலே அண்ணி எரிஞ்சு விழறாங்க, விளையாட்டாத்தான் செய்ய வைக்கணும்'னு உங்க நாத்தனார் முதல் நாளே சொல்லிட்டாங்க" என்று சிரித்தார் மேடம். "வாராவாரம் போன். காய் எடுத்து வெச்சா எந்த விரலுக்கு வேலை, எத்தனை கார்டு கலைச்சா மணிக்கட்டு திரும்பும்னு குடைஞ்சு எடுத்துட்டாங்க. ஒரு நாள் பாவம், போன்லயே அழுதுட்டாங்க. 'கார்டு கீழ விழும்போது அண்ணி என்னையே பார்க்கறாங்க மேடம். ஒரே ஒரு தடவை பொறுக்கிக் குடுத்துடட்டுமா?'ன்னு."