மாராத்தாள் கேட்ட குழாய்

தெருவுக்குக் குழாய் வேண்டுமென்று மாராத்தாள் மூன்று வருஷம் முனிசிபல் ஆபீசுக்கு நடந்தாள். ஒருவழியாகச் சிறுவாணித் தண்ணீர் வந்தது. குழாயடியில் ஒரே கூட்டம். அவள் மட்டும் சோர்ந்துபோய் ஒதுங்கி நின்றாள்.

அவளுடைய மனுக்களை வாங்கி வாங்கிச் சலித்திருந்த குமாஸ்தா கோவிந்தராஜுலு கூப்பிட்டார். "வாங்கம்மா, முதல் குடம் நீங்களே புடிங்க."

"வேண்டாமுங்க. நாளைக்கு நான் வேற வேலை தேடோணும்."

"ஏனுங்க?"

"இத்தனை நாளா இந்தத் தெருவுக்கே நாந்தானுங்க கூலிக்குத் தண்ணி சொமந்தேன்."

குமாஸ்தா திகைத்தார். "அப்புறம் எதுக்குங்க இத்தனை மனு?"

"ஒருக்கா காய்ச்சல்ல படுத்துட்டனுங்க. 'உன் மகளையாச்சும் கொடத்தோட அனுப்பு'ன்னு எல்லா ஊட்டுலயும் சொன்னாங்க. அவளுக்கு அப்ப ஆறு வயசுங்க."