கீறல் விழுந்த வண்டி

ஷூ கம்பெனியில் ஹெலனுக்கு டச்சப் வேலை. தோலில் எங்கே கீறல் விழுந்தாலும் நிறம் கலந்து, இருந்த இடம் தெரியாமல் மறைத்துவிடுவாள்.

மதியம், அதே கம்பெனியில் புல் வெட்டும் கணவன் ஜீவாவுக்குச் சாப்பாடு வைக்க ஷெட்டுக்குப் போனாள். அவன் இல்லை. உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டும் வண்டிகள் இரண்டும் நின்றன. ஒரே மாதிரி, ஒரே சிவப்பு. ஒன்றில் மட்டும் புதிதாக ஒரு நீளக் கீறல்.

மேனேஜர் பார்த்தால் இவர் தலையில்தான் விடியும். பதறிப்போய் சிவப்புச் சாயம் கொண்டுவந்து, பத்தே நிமிடத்தில் கீறலை மறைத்தாள்.

நாலு மணி டீக்கு வந்தபோது ஷெட்டில் ஒரு வண்டிதான் இருந்தது. பக்கத்தில் மெக்கானிக் கோவிந்தசாமி.

"கீறல் விழுந்த வண்டி எங்கம்மா?"

"அந்தக் கீறல நான்தாண்ணா சாயம் பூசி மறைச்சேன். அவரத் திட்டுவாங்களேன்னு."

கோவிந்தசாமிக்கு முகம் வெளுத்தது. "அது நான் போட்ட கீறல்மா. அந்த வண்டிக்கு பிரேக் இல்ல. கீறல் இருக்கறத எடுக்காதன்னு ஜீவாகிட்ட சொல்லி வெச்சிருந்தேன்."

"அவரு எங்கண்ணா?"

"ஏரிப் பக்கச் சரிவுல வெட்டப் போய்ட்டான். போன் இங்கயே கெடக்குது."

மிஞ்சி நிற்பது எந்த வண்டி என்று பார்க்க, அதில் ஏறி, ஸ்டார்ட் செய்து நகர்த்தினார் கோவிந்தசாமி.

இதுக்குப் பிரேக் பிடிக்கக் கூடாதே ஏசப்பா என்று ஹெலன் கண்ணை மூடிக்கொண்டாள்.

அவர் பிரேக்கை மிதித்தார். வண்டி சட்டென்று நின்றது.