உச்சியில் வைத்த பல்செட்

“கொஞ்சம் உக்காருங்க சம்பந்தி. பாறைதானே, கடிக்கவா போகுது?”

பல் டாக்டர் ஏற்கெனவே காலை நீட்டி உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். நாங்கள் இன்னும் சம்பந்திகள் ஆகவில்லை. அவராக வைத்துக்கொண்ட முறை அது.

“மலையேறும்போது உக்கார்றது எங்க குடும்பத்துல வழக்கமில்ல,” என்றேன், முதுகை நிமிர்த்தி.

‘பாதை இத்துடன் முடிகிறது’ என்ற பலகையைத் தாண்டி மூன்று மணி நேரம் ஆகியிருந்தது. அதற்கு மேல் ஆடு போன தடம்கூட இல்லை. உருளும் கல்லும் முள்ளும்தான். என் தந்தை அப்படித்தான் ஏறினார்.

உச்சியில் அவர் கொடி நடவில்லை. கொடி யாருடையதாகவும் இருக்கலாம். தம் மேல்வரிசைப் பல்செட்டைக் கழற்றிக் கற்குவியலுக்குள் வைத்துவிட்டு இறங்கினார். பல்செட் ஒருவர் வாய்க்குத்தான் பொருந்தும்.

நாற்பது ஆண்டுகளாக எங்கள் குடும்ப கௌரவம் அந்தக் கற்குவியலுக்குள் இருக்கிறது.

என் மகனுக்குப் பெண் பேசப் போன இடத்தில் இதைச் சொன்னேன். பெண்ணின் அப்பாவான இந்த டாக்டர் சிரித்துவிட்டார். வாய்விட்டு, நாலு பேர் நடுவில்.

நான் எழுந்துவிட்டேன். பல்செட்டை அவர் கண்ணால் பார்த்து, தன் வாயால் ஒப்புக்கொண்டால்தான் கல்யாணம். இல்லையென்றால் பெண் அங்கே, பையன் இங்கே.

என் மகன் இரண்டு நாள் சாப்பிடவில்லை. டாக்டரின் மகள் அப்பாவோடு பேசுவதையே நிறுத்திவிட்டாளாம்.

மூன்றாம் நாள் டாக்டர் ஃபோன் செய்தார். மலைக்கு வருகிறேன், ஒரு பத்து நாள் மட்டும் பொறுங்கள் என்றார்.

கடைசிச் சரிவு செங்குத்து. அவரை எப்படியாவது முந்திவிட வேண்டும் என்று கையையும் ஊன்றி நாலு காலில் ஏறினேன். இது வெளியே தெரிய வேண்டியதில்லை. ஆனால் அதுவரை பத்தடிக்கு ஒருமுறை மூச்சு வாங்கிய அந்தத் தொந்திக்காரர், திடீரென்று வரையாடுபோலத் தாவி மேலே மறைந்தார்.

நான் போய்ச் சேர்ந்தபோது கற்குவியலின் அருகே மண்டியிட்டிருந்தார். கையெல்லாம் மண்.

“இருக்கு சம்பந்தி! அன்னிக்கு நான் சிரிச்சது தப்புதான்.” என் முகத்தைப் பார்க்காமலே நீட்டினார்.

மேல் பல்செட்தான். நாற்பது ஆண்டு மழையும் வெயிலும் அதை ஒன்றும் செய்திருக்கவில்லை. ஈறு பிறந்த குழந்தையின் பாதம்போல ரோஜா நிறம். பற்கள் சிரித்தன.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நான் பார்க்கவில்லை.

“எங்கப்பாவோடதேதான்,” என்றேன். “தேதி குறிச்சிடலாம்.”

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. பாறைமேல் பொத்தென்று உட்கார்ந்து, இப்போதாவது உட்காருங்கள் என்று என் கையைப் பிடித்து இழுத்தார்.

நான் நின்றுகொண்டே இருந்தேன்.

காலையில் ஜீப்பில் உட்கார்ந்து வந்தபோதே வேண்டிய மட்டும் கடி வாங்கியாகிவிட்டது. போன வாரம் அப்பாவின் பழைய பெட்டிக்கு அடியில் கிடைத்த அவருடைய மேல் பல்செட், கைக்குட்டையில் சுற்றியபடி என் பின்பாக்கெட்டில் இருந்தது.