ஊற்றிக் கொடுக்க ஓர் ஆள்

வெள்ளிவிழாத் திருமண நாள் விருந்துக்கு மது கலந்து கொடுக்க ஒரு பார்டெண்டரை வைத்தே தீருவது என்று டக்ளஸ் முடிவு கட்டிவிட்டார். மலேசியாவின் சுங்கை லாலாங்கில் அவர் சொந்தத்தில் யாருமே செய்யாத ஆடம்பரம் அது.

பேசி முடிக்க வீட்டுக்கு வந்த பார்டெண்டர் பையன் ஷான், ஐந்நூறு வெள்ளி கூலி கேட்டான்.

“ஊத்துறதுக்கு ஐந்நூறா? என் மச்சான் சும்மாவே ஊத்துவான்லா! முந்நூறு. பிரியாணியும் உண்டு.”

“அங்கிள், ராத்திரி முழுக்க நிக்கணும்லா...”

“முந்நூறுதான்.”

வெட்டிச் செலவென்றால் வீட்டையே இரண்டாக்கும் மனைவி பேட்ரிசியா, அன்று வாயே திறக்கவில்லை. சிரித்த முகத்தோடு பையனை வாசல்வரை சென்று வழியனுப்பினாள். தன் பேரத் திறமைக்கு இருபத்தைந்து வருடம் கழித்து மரியாதை கிடைத்ததென்று டக்ளஸ் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

விருந்தில் எல்லார் கிளாஸும் நிரம்பி வழிந்தது. மச்சான் மூன்றாவது சுற்றில் இருந்தான். டக்ளஸ் கம்பீரமாகத் தன் கிளாஸை நீட்டினார். ஷான் ஆரஞ்சு ஜூஸ் ஊற்றினான்.

“டேய், விஸ்கி ஊத்துலா!”

“சாரி அங்கிள். இன்னைக்காவது நீங்க விழாம நின்னு கேக் வெட்டணுமாம். ஊத்துறதுக்கு நீங்க முந்நூறு குடுத்தீங்க. உங்களுக்கு மட்டும் ஊத்தாம இருக்க, ஆன்ட்டி அறுநூறு குடுத்திருக்காங்க.”