அருமைநாயகியின் மீசை

“அருமைநாயகிக்கு மீசை இருக்கும் எண்டு நான் அப்பவே சொன்னனானெல்லே!”

லண்டன் நோர்பரியில் ஒரு மளிகைக் கடைக்கு மேலே இருந்த தன் அலுவலக வாசலில் நின்று வக்கீல் தில்லையம்பலம் கைதட்டிச் சிரித்தார். “அருமைநாயகி...” என்று தொடங்கியபடி எதிரே வந்து நின்ற மனிதருக்கு உண்மையாகவே மீசை இருந்தது. படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது. ஜாக்கெட்டின் கைகளில் பேக்கரி மா அப்பியிருந்தது.

தில்லையம்பலம் பகலில் அகதி வழக்குப் பார்ப்பார். மற்ற நேரத்தில் கைக்காசைப் போட்டு ஒரு கவிதைச் சஞ்சிகை நடத்துவார். முந்நூற்றைம்பது வருடத்துக்கு முன், வழக்காடிக்கொண்டே தன் நாட்டுக் கவிஞர்களையெல்லாம் அச்சேற்றிவிட்ட ஒரு ஸ்கொட்லாந்து வக்கீலின் படம் அவர் மேசைக்கு மேலே தொங்கியது. அந்த மனிதரின் மறுபிறப்பு தான்தான் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

யாழ்ப்பாணத்திலிருந்து தபாலில் வரும் அருமைநாயகியின் கவிதைகள்தான் அந்தச் சஞ்சிகைக்கு உயிர். பெண்பெயருக்குப் பின்னால் ஒளிந்து எழுதுவது நம் ஆண் எழுத்தாளர்களுக்குப் பழகிப்போன விளையாட்டு, இதுவும் அந்தக் கேஸ்தான் என்று வக்கீல் எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டார். அப்பீலுக்கு இடமில்லை.

“ஐயா, என்ர பேர் யோகராஜா” என்றார் வந்தவர். “அருமைநாயகியை நாலு மணிப் பிளேனில திருப்பி அனுப்பப் போறாங்கள். நீங்கள்தான் ஏதாவது செய்யவேணும்.”

ஊரிலிருந்து தப்பி வந்து பேக்கரியில் ஒளிந்திருக்கிறார் என்று வக்கீல் கணக்குப் போட்டார். தன்னையே வேறு யாரோ போலப் பெயர் சொல்லிப் பேசுவது கவிஞர்களுக்கு உள்ள வியாதி. தில்லையம்பலம் அதை ரசிக்கத் தொடங்கினார். ஆனால் மணி இரண்டேகால் என்று கடிகாரம் சொன்னது. ரசனை இறங்கிவிட்டது.

“அங்கை போய் இறங்கினால் என்ன நடக்கும்?”

“இறங்கின உடன ஆமி பிடிக்கும் ஐயா. அந்தக் கவிதையள் எல்லாம் அவங்கட கையில கிடக்கு.”

வக்கீல் டைப்ரைட்டரை இழுத்து முன்னால் வைத்தார். “என்ர அருமைநாயகியை அனுப்ப விடுவனோ? கேஸ் நம்பரைத் தாரும்!”

யோகராஜா உள்ளங்கையை விரித்துக் காட்டினார். பேனையால் எழுதிய இலக்கங்கள் வியர்வையில் பாதி கரைந்திருந்தன.

“கவிதை எழுதத் தொடங்கி எவ்வளவு காலம்?”

“பத்து வருசம் இருக்கும். ஆனால் ஐயா, எனக்குக் கவிதையைப் பற்றி ஒண்டும்...”

“தெரியாது எண்டு சொல்லப்போறீர்! நிறைகுடம் தளும்பாது, தெரியும். நீர் இரும்.”

வக்கீல் ஆங்கிலத்தில் கடகடவென்று தட்டினார். ‘அருமைநாயகி என்பது திரு. யோகராஜாவின் புனைபெயர். அப்படி வேறொரு ஆள் கிடையாது. ஐந்து வருடமாக இந்தக் கவிதைகளை வெளியிட்டு வருகிற நானே இதற்குச் சாட்சி. இவரைத் திருப்பி அனுப்பினால் உயிருக்கு ஆபத்து.’ ஆங்கிலம் விளங்காத யோகராஜா, தாளில் விழுந்த எழுத்துகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பக்ஸ் மெஷின் வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. டைப்பிஸ்ட் றோஸ்மலர் கடிதத்தை அதில் செருகி எண்ணை அழுத்தினாள். விமான நிலையக் குடிவரவு அலுவலகத்து லைன் பிஸி. மறுபடி அழுத்தினாள். மறுபடியும் பிஸி.

யோகராஜாவால் இருக்க முடியவில்லை. எழுந்தார், ஜன்னலுக்குப் போனார், திரும்பி வந்தார். “நான் அங்கை போறன் ஐயா. தனிய...”

“போனீரெண்டால் உம்மைப் பிடிச்சு ஏத்திப்போடுவாங்கள்! இஞ்சையே இரும்.”

“ஐயா, அவர் ஏதோ சொல்ல வாறார்போல கிடக்கு” என்றாள் றோஸ்மலர்.

“பயத்தில எல்லாரும் உளறுறதுதான், பிள்ளை. முதல்ல பக்ஸ் போகட்டும்.”

மூன்றாம் தடவை போய்விட்டது. பிறகு காத்திருப்பு. போட்டுக் கொடுத்த தேத்தண்ணி ஆடை கட்டி ஆறிப்போனது. யோகராஜா கடிகாரத்தைப் பார்த்தார், டெலிபோனைப் பார்த்தார், திரும்பவும் கடிகாரத்தைப் பார்த்தார். வக்கீலும் நகம் கடிக்கத் தொடங்கினார்.

நாலு மணிக்கு இருபது நிமிடம் இருக்கும்போது டெலிபோன் அடித்தது. தில்லையம்பலம் பாய்ந்து எடுத்தார். ஆங்கிலத்தில் நாலு தரம் நன்றி சொன்னார். ரிசீவரை வைத்தபோது முகமெல்லாம் பல்லாக இருந்தது.

“வெண்டிட்டம்! யோகராஜா எண்ட ஆளை ஆரும் அனுப்பப் போறதில்லையாம். நீர் இஞ்சை இருக்க ஒரு தடையும் இல்லையாம்!”

“என்னையோ?” என்றார் யோகராஜா.

“உம்மைத்தான்! இன்னொரு புதினமும் கேளும். தான்தான் அருமைநாயகி எண்டு சொல்லிக்கொண்டு ஒரு பொம்பிளை நேற்று அங்கை வந்து இறங்கினவளாம். நம்பிறதோ விடுறதோ எண்டு தெரியாமல் இவ்வளவு நேரமும் வைச்சிருந்திருக்கினம். என்ர கடிதத்தைப் பாத்த பிறகுதான் பொய்க்காரி எண்டு விளங்கினதாம். கையோட பிளேனில ஏத்திப்போட்டினமாம்!”

யோகராஜா கடிகாரத்தைப் பார்த்தார்.

“அவ என்ர மனுசி, ஐயா.”