ஆர்க்கிட் ஜாடிகள்

“ஏத்தா, இதை ஏன் பூவைவிடப் பெருசாப் போட்டே?”

“நீங்க குடுத்த படத்துல அப்படித்தானுங்கய்யா இருக்கு,” என்றாள் குயவர் வீட்டுக் கண்ணாத்தாள்.

“அது விதை. படிக்கிற பிள்ளைங்களுக்காகப் பெருசாக்கிக் காட்டியிருக்கு. நெசத்துல தூசியாட்டம் இருக்கும்.”

“ஆத்தாடி! தூசியவா பத்து நாளா இடுப்பொடியத் தீட்டினேன்?”

தாவரவியல் ஆசிரியர் மரியசெல்வம் அலுப்போடு உட்கார்ந்தார். அடுத்த வாரம் கல்லூரிக் கண்காட்சி. எட்டு ஜாடிகளிலும் ஆர்க்கிட் பூவுக்குப் பக்கத்தில் பூசணிக்காய் போல விதை.

“பூவைப் பாத்தா வெதை எம்புட்டு இருக்கும்னு தெரியாதா?” என்று எரிந்து விழுந்தார்.

“பூவை நான் எங்கிட்டுக் கண்டேன்? நீங்க பாத்திருப்பீங்க.”

பன்னிரண்டு வருஷமாக வகுப்பில் நடத்தும் அந்தப் பூவை அவரும் படத்தில்தான் பார்த்திருக்கிறார் மரியசெல்வம்.

“ஒரே ஒரு நெசப் பூவைக் கொண்டாந்து காட்டுங்கய்யா. எட்டையும் அழிச்சுட்டுப் புதுசாத் தீட்டித் தாரேன்.”